பாட்டியின் பீரோ எத்தனை சதவீதம் மிச்சம் செய்யும்?

கேள்வி: நானும் கணவரும் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கியிருக்கிறோம். உள்வேலைக்கு கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டை 100 என்று வைத்துக்கொண்டால், எங்கள் கையில் இருப்பது 70தான். அந்த 100-ல் மரவேலை மட்டும் 35. பற்றாத 30-ஐ 14 சதவீத வட்டியில் 3 வருடத் தனிநபர் கடனாக வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. பாட்டி விட்டுப்போன இரண்டு தேக்கு பீரோ, ஒரு எழுது மேசை, ஒரு நிலைக்கண்ணாடி ஆகியவை அம்மா வீட்டில் சும்மா கிடக்கின்றன. பழைய சாமான் கடையில் இரண்டு மரக் கதவும் ஒரு சரவிளக்கும் மலிவாகப் பார்த்து வைத்திருக்கிறேன். இவற்றை வைத்துக் கடனில்லாமல் முடிக்க முடியுமா? பீரோக்கள் மேல் தம்பிக்கும் ஒரு கண் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: கடன் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 30-ஐ 14 சதவீதத்தில் வாங்கி 36 மாதத் தவணையில் அடைத்தால், மொத்தமாகக் கட்டுவது ஏறக்குறைய 37. அசலில் குறையக் குறைய வட்டி போடும் முறையிலேயே இவ்வளவு. கூடுதலாகப் போகும் அந்த 7, உங்கள் மரவேலைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு. வாங்கிய மறுநாளே பாதி விலைக்குக்கூடப் போகாத அலமாரிகளுக்காக இந்த வட்டியைக் கட்டுவது வீண் என்று உங்களைப் போலவே நானும் நினைக்கிறேன்.

ஆனால், பழைய பொருள் இருக்கிறது என்பதாலேயே பணம் மிச்சமாகிவிடாது. எஸ்டிமேட்டில் எந்தச் செலவு வரியை அது அடித்து நீக்குகிறது என்று பாருங்கள். ஒரு வரியும் அடிபடவில்லை என்றால், அந்தப் பொருள் இலவசமாக வந்திருந்தாலும் உங்களுக்குச் செலவுதான்: வண்டிக் கூலி, தூக்குக் கூலி, ரிப்பேர், பாலிஷ்.

எழுது மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டில் படிப்பு மேசை இல்லையென்றால் சேமிப்பு பூஜ்யம். பிடித்திருந்தால் தாராளமாகக் கொண்டுவாருங்கள், சேமிப்புக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். நடுவில் ஓட்டை போட்டு வாஷ்பேசின் பதிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதற்குச் சம்மதிக்க வேண்டாம். அறுத்த மேசையை நாளைக்கு விற்கவும் முடியாது, தண்ணீர் படும் இடத்தில் பழைய பொருத்துகள் நிலைப்பதும் கஷ்டம். நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் ரசம் போயிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மறுபடி ரசம் பூசுவதைவிடப் புதுக் கண்ணாடி மாற்றுவது பெரும்பாலும் மலிவு, அதுவும் கட்டாயமில்லை.

உண்மையான பணம் பீரோக்களில்தான் இருக்கிறது, ஏனென்றால் அவை வார்ட்ரோப் என்ற பெரிய வரியை அடிக்கின்றன. கொண்டுவரும் முன் உள் ஆழத்தை அளந்து பாருங்கள். ஹேங்கரில் சட்டை நேராகத் தொங்க 55 முதல் 60 சென்டிமீட்டர் வேண்டும். பழைய பீரோக்கள் பல இதைவிட ஆழம் குறைந்தவை. அப்படியானால் கம்பியைப் பக்கவாட்டில் போடாமல் முன்னும் பின்னுமாகப் போட்டால் போதும், சின்ன வேலைதான். லிஃப்ட் வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். கழற்றி மாட்டும்படி செய்த பீரோவா என்பதையும் தச்சரிடம் கேளுங்கள்.

பின்பலகையிலும் கால்களிலும் குண்டூசி அளவு ஓட்டைகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது பழைய கதையாக இருக்கலாம். அடியில் வெள்ளைத் தாள் விரித்துச் சில வாரம் விட்டுப் பாருங்கள். புதிதாக மாவு கொட்டினால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது, மருந்தடிக்காமல் புது வீட்டுக்குள் விடக்கூடாது. பாலிஷ் விஷயத்திலும் முழுக்கச் சுரண்டி எடுக்கும் வேலைக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். மறைவான ஓரத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். அதைச் சுரண்டத் தேவையே இல்லை, அதன்மேலேயே புதுப்பித்துவிடலாம், கூலி நன்றாகக் குறையும். பெயின்ட் அடித்த பழைய பொருளாக இருந்தால் கதையே வேறு. அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பு தேய்த்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவும். குழந்தைகளுக்கு இந்த அளவு வரை ஈயம் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. பரிசோதிக்காமல் தேய்க்க விடாதீர்கள்.

கதவுகள் நல்ல யோசனை, ஆனால் வாங்கும் வேளை முக்கியம். கொத்தனார் வாசலைக் கட்டி முடிக்கும் முன் கதவு உங்கள் கையில் இருக்க வேண்டும், முடிந்தால் நிலையோடு. கதவை ஓரம் இழைத்துக் கொஞ்சம் குறைக்கலாம், கூட்ட முடியாது. கட்டிய வாசலுக்குப் பழைய கதவு தேடி அலைகிறவர்கள் கடைசியில் புதுக் கதவும் வாங்கி, பழையதையும் பரணில் வைத்திருப்பார்கள்.

சரவிளக்கை நான் வாங்கமாட்டேன். பழைய ஒயரின் மேலுறை பொடிந்திருக்கும், உலோக விளக்குக்கு எர்த் இணைப்பு வேண்டும், கூரைக் கொக்கி எடையைத் தாங்க வேண்டும். முழுக்க ஒயர் மாற்றிய பிறகு அது மலிவாக இருக்காது. பொதுவாகவே, சுவருக்குள் போகும் ஒயர், குழாய், சுவிட்ச் எல்லாம் புதிதாக இருக்கட்டும். சுவருக்கு வெளியே நிற்பதில் பழையதைத் தேடுங்கள். மெத்தை மட்டும் இதற்கு விதிவிலக்கு. மூட்டைப்பூச்சி மாதக்கணக்கில் பட்டினியாகவே உயிர் வாழும், வாடகை இல்லாமல் குடிவந்தால் காலி செய்ய வைப்பது பெரும்பாடு.

எஸ்டிமேட்டின் உள்விவரத்தை நீங்கள் அனுப்பவில்லை, அதனால் ஒரு உதாரணம் போடுகிறேன். வார்ட்ரோப் 18, கதவுகள் 6 என்று வைத்துக்கொள்வோம். இந்த 24 அடிபடும். பீரோக்களைக் கொண்டுவந்து சரிசெய்ய 5, பழைய கதவுகளை வாங்கிப் பொருத்த 4. நிகர மிச்சம் 15. அதாவது உங்கள் 100 இப்போது 85. கையிருப்பு 70 என்பதால், பழைய பொருள் பாதிப் பள்ளத்தைத்தான் நிரப்புகிறது.

இந்த 15-ம் தானாக வராது. பல கான்ட்ராக்டர்களுக்கு லாபம் பொருளில்தான், கூலியில் குறைவு. ‘அலமாரி வேண்டாம், கதவு நான் தருகிறேன்’ என்றதும் பழைய கதவு பொருத்தும் கூலி திடீரென்று ஏறும், வேறு வரிகளும் லேசாக உப்பும். ஆகவே நீக்கியவற்றைக் கழித்து, கூலியைத் தனியாகக் காட்டி, திருத்திய எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கிய பிறகே கடைக்குப் போய்க் கதவுக்கு முன்பணம் கொடுங்கள்.

மீதிப் பள்ளத்துக்கு என் யோசனை, கடனை விட்டுவிட்டு வேலையை இரண்டு கட்டமாகப் பிரிப்பது. பழைய கட்டிடத்தில் தரையையும் சுவரையும் உடைத்தால் ஏதாவது ஒன்று வெளியே வரும், அதற்கு 8 ஒதுக்குங்கள். அப்படியானால் முதல் கட்டத்தில் 62-க்கு மேல் வேலை கூடாது. ஒயரிங், குழாய், நீர்க்கசிவு, தரை, சமையலறை, கதவுகள், பீரோக்கள் என்ற வரிசையில் நிரப்பிக்கொண்டு வாருங்கள், 62 வந்ததும் நிறுத்துங்கள். டிவி யூனிட், ஃபால்ஸ் சீலிங், ஷோகேஸ் எல்லாம் குடிபோன பிறகு, மாதச் சேமிப்பிலிருந்து. அதற்குள் அவற்றில் பாதி தேவையே இல்லை என்று தெரிந்துவிடுவதும் உண்டு. சமையலறை வரும் முன்பே 62 தீர்ந்துவிட்டால், அதற்கு மட்டும் குறையும் தொகையைக் கடன் வாங்குங்கள், 30-ஐ அல்ல.

இனி தம்பி. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980-ல் எழுதிய ஒரு கருத்து உண்டு: கையில் இருக்கும் பொருளுக்கு, அதே பொருளை வெளியில் வாங்கக் கொடுக்கும் விலையைவிட அதிக மதிப்பை மனம் போடும். அவரும் டேனியல் கானமன், ஜாக் நெட்ச் ஆகியோரும் 1990-ல் வெளியிட்ட சோதனைகளில், காபிக் குவளை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, இல்லாதவர்கள் தரத் தயாரான விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குவளைக்கே இப்படியென்றால் பாட்டி பீரோவுக்கு என்ன ஆகும்! ஆகவே நீங்களோ தம்பியோ விலை சொல்ல வேண்டாம், பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் இருவரிடம் தனித்தனியாக மதிப்புக் கேட்டு, சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உங்களுக்கு என்றால் அதில் பாதியைத் தம்பிக்குப் பணமாகக் கொடுங்கள், அதையும் எஸ்டிமேட்டில் ஒரு வரியாகச் சேருங்கள். அம்மாவின் சம்மதத்தோடு இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவாகும் வரை உப்புத்தாள் பீரோவைத் தொடக்கூடாது.

தம்பி ஒரு பீரோவைக் கேட்டால் கொடுத்துவிடலாம். ஆனால், அப்போது வார்ட்ரோப் வரியில் அடிபடுவது 18 இல்லை, 9. ரிப்பேர்ச் செலவும் பாதியாகும் என்பதால் நிகர மிச்சம் 15-லிருந்து 8.5-க்கு இறங்கும். கான்ட்ராக்டரிடம் திருத்திய எஸ்டிமேட் கேட்கப் போகும் முன் தம்பியிடம் பேசிவிடுங்கள்.