லென்ஸ் தேய்வதில்லை, டீச்சர்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோல் காட்டுகிறேன். 10 மடங்கு லென்ஸில் செல்கள் தெளிவாகத் தெரிகின்றன. 40-க்குத் திருப்பினால் ஒரே பனிமூட்டம். கடைக்காரர், "லென்ஸ் தேய்ந்துவிட்டது, 2000 மடங்கு காட்டும் புதியதை வாங்குங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தேய்வதற்கு லென்ஸ் என்ன செருப்பா?

40-இல் மட்டும் மங்கலாக இருந்தால் முதலில் அழுக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த லென்ஸின் நுனி ஸ்லைடுக்கு அரை மில்லிமீட்டர் உயரத்தில்தான் நிற்கிறது. வெங்காயத் தோலை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்புக்கு வெளியே வழிந்த சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் அதில் ஒட்டிக் காய்ந்துவிடும். கண்ணருகு லென்ஸை உருவித் தலைகீழாகப் பிடித்தால் அதுவே நல்ல பூதக்கண்ணாடி. 40 லென்ஸைக் கழற்றி, நகை பார்ப்பதுபோல் அதன் நுனியைப் பாருங்கள். சிவப்பாக ஏதாவது படிந்திருந்தால் லென்ஸ் பேப்பரில் ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீர் விட்டு மெதுவாகத் துடையுங்கள். போகவில்லையா, நீருக்குப் பதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். புடவைத் தலைப்பு கூடவே கூடாது. அதில் இருக்கும் சாக்பீஸ் தூள் கீறிவிடும்.

நுனி சுத்தமாக இருந்தால் ஸ்லைடைப் பாருங்கள். தலைகீழாக வைத்திருந்தால் நடுவில் ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி வந்துவிடும். 10 லென்ஸ் அதைத் தாண்டிப் பார்க்கும், 40-ஆல் முடியாது. நிரந்தர ஸ்லைடுகளை மாணவர்கள் இப்படித்தான் வைக்கிறார்கள். புதுப் பெட்டியிலிருந்து எடுக்கும் கவர் ஸ்லிப்பும் இரண்டு ஒட்டிக்கொண்டு வரும். லென்ஸ் மேல் 0.17 என்று எழுதியிருக்கிறதே, அது ஒரே ஒரு கவர் ஸ்லிப்பின் தடிமன், மில்லிமீட்டரில்.

அப்புறம், 40-க்கு வந்தபின் பெரிய திருகைத் தொடவே வேண்டாம். 10-இல் தெளிவாக்கி, அப்படியே திருப்பி, சிறு திருகை மட்டும் கால் சுற்று அசைத்தால் போதும்.

வெளிச்சத்துக்கு, ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டன்சர் இருந்தால் கீழே உள்ள முகம் பார்க்கும் கண்ணாடியின் தட்டைப் பக்கம், இல்லையென்றால் குழிப் பக்கம். இதில் ஒரு விதிவிலக்கு, எல்லோரையும் குழப்புவது. கண்டன்சரும் தட்டைக் கண்ணாடியும் சரியாக இருந்தும் வெங்காயத்தின் மேல் ஜன்னல் கம்பி தெரியும். மைக்ராஸ்கோப் பழுது என்று நினைத்துவிடுவார்கள். பழுதல்ல, கண்டன்சர் ஜன்னலின் பிம்பத்தையே ஸ்லைடில் கொண்டுவந்து விழ வைக்கிறது. கண்டன்சரைக் கொஞ்சம் இறக்குங்கள், கம்பி மறையும். அல்லது ஜன்னலை விட்டு வெறும் வானத்தின் பக்கம் திருப்புங்கள். நேர் வெயில் பக்கம் மட்டும் திருப்பக் கூடாது, கண் போய்விடும்.

இனி அந்த 2000. ஒளி நுண்ணோக்கியால் சுமார் 0.2 மைக்ரோமீட்டரைவிட நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. ஆயிரம், ஆயிரத்து இருநூறு மடங்குக்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். கண்ணருகில் 20 லென்ஸைச் செருகி, ஸ்லைடுக்கு மேலுள்ள 100 லென்ஸால் பெருக்கி 2000 என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். வெங்காயச் செல்லுக்கு நூறு மடங்கே போதும், அதாவது கண்ணருகில் 10, ஸ்லைடுக்கு மேல் 10. உட்கருவைப் பார்க்க நானூறு, அதாவது 10, 40.

உண்மையிலேயே கெட்டுப்போவது ஒன்று உண்டு: லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் படரும் பூஞ்சை. 'உடைந்தால் யார் பொறுப்பு' என்று பயந்து ஸ்டாக் கணக்கெடுப்பு வரை பீரோவில் பூட்டி வைக்கும் வழக்கத்தின் பரிசு இது. மாணவர் கை பட்டுக் கெட்டதைவிடப் பூட்டி வைத்துக் கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

பூஞ்சை பிடித்திருந்தாலும் அந்த ஒரு லென்ஸை மட்டும் மாற்றினால் போதும். பள்ளி மைக்ராஸ்கோப்புகளில் பெரும்பாலும் லென்ஸைப் பொருத்தும் மரையின் அளவு ஒன்றுதான். பழையதில் 160 (மைக்ராஸ்கோப் குழாயின் நீளம், மில்லிமீட்டரில்) என்றிருந்தால் புதியதிலும் 160 இருக்க வேண்டும். பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் எல்லா லென்ஸையும் எழுத்து தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் கொடுத்த ஒரு நல்ல 40 லென்ஸ், திரும்பி வரும்போது வேறு லென்ஸாக வந்தது.