வீட்டு அறையை நாள் வாடகைக்கு விடுகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஹோம்ஸ்டே, நாள் வாடகை, சர்வீஸ் அபார்ட்மென்ட் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை வரியைப் பற்றியவை. ஆனால் எல்லோரிடமும் நான் முதலில் திருப்பிக் கேட்பது வேறு: விருந்தினர் தங்கும் வீட்டில் நீங்களும் குடியிருக்கிறீர்களா? ஆமாம் என்றால் பெரும்பாலான விதிகள் உங்களை வீட்டுக்காரராகப் பார்க்கும். இல்லை என்றால் விடுதிக்காரராகப் பார்க்கும். கீழே உள்ள பல பதில்கள் இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்தே மாறுகின்றன.

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டில் அப்பா, அம்மாவுடன் இருக்கிறேன். மூன்று அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட ஆசை. லாட்ஜ் மாதிரி லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

நீங்கள் குடும்பத்தோடு அங்கேயே இருப்பதால் உங்களுக்குப் பொருந்துவது லாட்ஜ் இல்லை, ஹோம்ஸ்டே. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, அதிகபட்சம் 12 படுக்கைகளோடு பதிவு செய்யலாம். வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. வசதிகளைப் பார்த்து வெள்ளி, தங்கம் என்று இரண்டு தரம் கொடுப்பார்கள். தமிழ்நாடு சுற்றுலாத் துறையும் ஹோம்ஸ்டேக்களைப் பதிவு செய்கிறது. முதலில் மாவட்டச் சுற்றுலா அலுவலரைப் போய்ப் பாருங்கள். என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் அவர் கையில் இருக்கும், அலைச்சல் குறையும்.

காலைச் சாப்பாடு கொடுப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வீட்டுச் சமையல்தானே என்று விட்டுவிடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு பரிமாறினால் அது உணவு வணிகம்தான்.

சென்னையில் இரண்டு அறைகள், ஒரு நாளைக்கு 3,500 ரூபாய். ஆன்லைன் தளம் வழியாகத்தான் புக்கிங். ஜிஎஸ்டி நம்பர் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா?

இப்போதைக்கு இல்லை. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதற்குக் கீழே இருக்கும்வரை, தளம் வழியாக வரும் புக்கிங்குக்கு ஜிஎஸ்டியை வசூலித்துக் கட்டுவது அந்தத் தளத்தின் பொறுப்பு. ஜிஎஸ்டி சட்டம் 9(5) பிரிவு அப்படித்தான் வைத்திருக்கிறது. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன்பு 12 ஆக இருந்தது. 7,500-க்கு மேலே போனால் 18.

இதில் இரண்டு இடங்களில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, அந்த 20 லட்சத்தை எண்ணும் விதம். ஹோம்ஸ்டே வருமானம் மட்டும் கணக்கில் வராது. ஒரே பான் எண்ணில் நீங்கள் செய்யும் எல்லா வியாபாரமும் சேரும். நீங்கள் வேறொரு வீட்டைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தால், அந்த வாடகைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனாலும் மொத்த வரவில் அது சேரும். தளம் வரி கட்டிவிட்ட புக்கிங்கும் சேரும். ஹோம்ஸ்டேயில் 13 லட்சம், வீட்டு வாடகையில் 8 லட்சம் வாங்குபவர் எல்லையைத் தாண்டிவிட்டார். அவருக்கே அது தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். தாண்டிய 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் நேரடியாக வரும் விருந்தினர். பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டுக் காசு வாங்கக் கூடாது. "தளத்தில் போடுகிறார்களே, நானும் போட்டேன்" என்று ஒருவர் சொன்னார். அது சட்டப்படி குற்றம். 3,500 என்றால் 3,500 மட்டும் வாங்குங்கள்.

எல்லையைத் தாண்டிப் பதிவு எடுத்த பிறகு வரி கட்டும் பொறுப்பு தளத்திடமிருந்து உங்கள் கைக்கு வந்துவிடும். 5 சதவீத விகிதத்தில் உள்ளீட்டு வரிக் கழிவும் கிடைக்காது. அறைக்கு ஏசி, மெத்தை வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம் என்று கணக்குப் போட்டு விலை வைக்காதீர்கள்.

மாமல்லபுரத்தில் சிறிய வீடு ஒன்றை ஆன்லைன் தளம் வழியாக நாள் வாடகைக்கு விடுகிறேன். வங்கியில் வந்தது 5.1 லட்சம். வருமான வரித் தளத்தில் 6 லட்சம் என்று காட்டுகிறது. யார் செய்த தவறு? எந்தத் தலைப்பில் காட்டுவது?

யார் மேலும் தவறு இல்லை. புக்கிங் தளம் தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை உங்களுக்கு அனுப்புகிறது. டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பதும் துறைக்குத் தெரிவிப்பதும் விருந்தினர் கொடுத்த முழுத் தொகையின் மேல். நீங்கள் 5.1 என்று காட்டினால் ஒரு நோட்டீஸ் வரும். 6 லட்சத்தை வரவாகக் காட்டிவிட்டு, அப்புறம் கழிவைப் பேச வேண்டும்.

டிடிஎஸ் 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம் மட்டுமே. முன்பு 1 சதவீதமாக இருந்தது. தனிநபருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால், பிடித்தமே இல்லை. பிடித்தம் இல்லை என்பதால் வருமானத்தைக் காட்ட வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் இன்னும் பலருக்குப் போய்ச் சேரவில்லை.

தலைப்பு விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. குடியிருப்பு வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விட்டு வரும் வருமானத்தை வியாபார வருமானமாகக் காட்டக் கூடாது, வீட்டுச் சொத்து வருமானமாகவே காட்ட வேண்டும் என்று 2024-ல் நிதிச் சட்டம் தெளிவாக்கிவிட்டது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல், அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானத்திலிருந்து, இது நடப்பில் உள்ளது. சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர் என்றால் உங்களுக்கு இதுதான். கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நிலைக் கழிவு. வைஃபை, பெயிண்ட், துணி வெளுப்பு, தளத்தின் கமிஷன் எல்லாம் அந்த 30-க்குள் அடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகக் கேட்க முடியாது.

தினமும் அறை துடைத்து, சாப்பாடு கொடுத்து, ஆள் வைத்து நடத்துகிறீர்கள் என்றால் அது வெறும் வாடகை இல்லை, தங்குமிடச் சேவை. அதை வியாபார வருமானமாகக் காட்டுவதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. அப்போது உண்மையான செலவுகளைக் கழிக்கலாம். அல்லது உத்தேச வருமானத் திட்டத்தில் டிஜிட்டல் வரவுக்குக் குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபமாகக் காட்டலாம். பலர் இந்த 6-ஐப் பார்த்தவுடன் ஆசைப்படுகிறார்கள். பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டின் சாவியை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு 6 சதவீதம் காட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுக்கு ஒரு தலைப்பு என்று மாற்றிக்கொண்டே இருப்பதும் கூடாது.

ஏற்காட்டில் வீட்டோடு ஒட்டிய ஓர் அறை. ஈபி கார்டு வீட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. பிரச்சினை வருமா?

வரலாம். லாட்ஜ், விருந்தினர் விடுதி எல்லாம் வணிகக் கட்டணத்தில் வருபவை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு இணைப்புக்கு மட்டும். ஒரு வகைக்கு வாங்கிய மின்சாரத்தை இன்னொரு வகைக்குப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் போடலாம். எப்போதிருந்து என்று தெரியவில்லை என்றால் 12 மாதத்துக்கு. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். விருந்தினர் பகுதிக்குத் தனி மீட்டர் போடுவது நல்லது. வீட்டு இணைப்பும் அப்படியே தப்பிக்கும்.

வேலூரில் சிஎம்சி பக்கம் நான்கு அறைகள். நோயாளிகளின் குடும்பங்கள் வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிறார்கள். பத்து நாள் தங்குபவர்களும் உண்டு, நான்கு மாதம் தங்குபவர்களும் உண்டு. நான் என்ன கவனிக்க வேண்டும்?

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் யார் வந்தாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். 'சி ஃபார்ம்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஹோட்டலுக்கு மட்டும் உள்ள விதி என்று நினைப்பவர்கள் நிறைய. தனி வீடு, தர்மசாலை, மருத்துவமனை எதற்கும் விலக்கு இல்லை. பழைய வெளிநாட்டவர் சட்டங்களுக்குப் பதிலாக 2025-ல் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் வந்து, செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது; இந்தக் கடமை அதிலும் தொடர்கிறது. நோயாளியோடு வந்தவர் களைத்துப்போய் இருப்பார், நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். பாஸ்போர்ட்டையும் விசாவையும் அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதியாமல் விட்டால் உங்களுக்கு மட்டுமல்ல, ஏற்கனவே கஷ்டத்தில் வந்திருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சிக்கல்.

நான்கு மாதம் தங்குபவர்கள் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்க வைத்தால் அந்தத் தங்குமிடத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 2024 ஜூலை 15 முதல் நடப்பில் இருக்கிறது. தேதிகளோடு ஓர் ஒப்பந்தத் தாள் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நாள் ஆட்களுக்கு இது பொருந்தாது.

ஓஎம்ஆரில் ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து, அதை நாள் வாடகைக்கு விடலாமா? ஓனர் "பரவாயில்லை" என்று வாயால் சொல்லிவிட்டார்.

வாய்ச் சொல் போதாது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி உள்வாடகைக்கு விட வேண்டுமானால் துணை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். இல்லாமல் செய்தால் அதையே காரணமாக வைத்து உங்களை வெளியேற்றலாம். அடுத்து, ஃபிளாட் உரிமையாளர் சங்கத்தின் துணை விதிகளைப் படியுங்கள். லிஃப்டில் தினமும் புது முகங்களைப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கவலை நியாயமானது. சங்கம் எதிர்த்தால் ஓனர் உங்கள் பக்கம் நிற்பார் என்று நம்பாதீர்கள். இன்னொன்று, நீங்கள் உரிமையாளர் இல்லை என்பதால் மேலே சொன்ன 30 சதவீதக் கழிவும் கிடையாது.

ஊட்டியில் வில்லா வாங்கப் போகிறோம். "நாள் வாடகைக்கு விட்டாலே கடன் அடைந்துவிடும்" என்கிறார் புரோக்கர்.

அவசரப்படாதீர்கள். கட்டட அனுமதி குடியிருப்புக்கு என்று இருக்கும். அதைக் காட்டேஜாக நடத்தினால் உள்ளாட்சி அமைப்பு சீல் வைக்கலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அப்படிப் பல கட்டடங்களுக்கு வைத்தும் இருக்கிறார்கள். மலைப்பகுதியில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் தேவைப்படும் இடங்கள் உண்டு. மசினகுடிப் பக்கம் என்றால் இன்னும் கவனம். யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் விவகாரத்தில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடம் பக்கம்தான் நின்றது. அது சரியான தீர்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வரைபட அனுமதி, சர்வே எண், நில வகைப்பாடு மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள்.

வருமானக் கணக்குப் போடும்போது இ-பாஸை மறக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு உச்ச வரம்பும் வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. சீசனில் அறை நிரம்பும் என்று நீங்கள் நினைத்த நாளில் விருந்தினருக்குப் பாஸ் கிடைக்காமல் போகலாம். பணம் திருப்பித் தரும் விதியில் இதற்கு ஒரு வரி எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை என்பதையும் புக்கிங் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் அங்கே குடியிருக்கப் போவதில்லை என்றால், கடன் தவணையை இந்த வருமானத்தை நம்பி ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

டொராண்டோ, ஸ்கார்பரோவில் சொந்த வீடு. கீழ்த்தளத்தில் தனிச் சமையலறையோடு பேஸ்மென்ட். ஊரிலிருந்து கல்யாணத்துக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமா?

பேஸ்மென்ட் தனிக் குடியிருப்பாக இருந்தால் முடியாது. டொராண்டோ நகர விதியில் 28 நாளுக்குக் குறைவான வாடகை என்றால் அது உங்கள் முதன்மை வசிப்பிடமாக இருக்க வேண்டும், நகராட்சியில் பதிவும் வேண்டும். நீங்கள் மேலே வசிக்கிறீர்கள். தனிச் சமையலறை, குளியலறையோடு உள்ள கீழ்த்தளம் சட்டத்தின் கண்ணில் வேறொரு வீடு. அதில் குடியிருப்பவர்தான் அதை அப்படி விட முடியும். 28 நாளோ அதற்கு மேலோ என்றால் அது வழக்கமான வாடகை.

மேல் வீட்டில் நீங்கள் வசிக்கும் பகுதியில் மூன்று படுக்கையறைகள் வரை விடலாம். ஊருக்குப் போகும்போது முழு வீட்டையும் விட்டால் ஆண்டுக்கு 180 இரவுகள் வரைதான். நகராட்சித் தங்குமிட வரி 6 சதவீதமாக இருந்தது. 2025 ஜூன் 1 முதல் 2026 ஜூலை 31 வரை 8.5 சதவீதம். இன்னொன்றும் கவனியுங்கள். 2024 முதல், உள்ளூர் விதிப்படி பதிவு செய்யாமல் விடும் நாள் வாடகைக்கு எந்தச் செலவையும் வருமான வரியில் கழிக்கக் கனடா அரசு விடுவதில்லை. கடன் வட்டியைக்கூடக் கழிக்க முடியாமல், வந்த வாடகை முழுவதுக்கும் வரி கட்ட நேரும்.

சிங்கப்பூரில் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு இரண்டு வாரம் விடலாமா?

கூடாது. எச்டிபியில் குறைந்தது ஆறு மாதம், தனியார் வீட்டில் குறைந்தது மூன்று மாதம். சுற்றுலாப் பயணிகளுக்கு எச்டிபி அறையை வாடகைக்கு விடவே முடியாது. சொந்தக்காரர் காசு வாங்காமல் வந்து தங்குவது வேறு. மற்றவர்களை ஹோட்டலுக்கு அனுப்பிவிடுங்கள்.