படியிறங்கப் பயப்படும் அப்பா: ஒளிக்கோடு போடும் கருவி உதவுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா (பார்வை நரம்பைப் பாதிக்கும் நோய்). படியேறிவிடுகிறார், இறங்கத்தான் பயப்படுகிறார். படி விளிம்பில் ஒளிக்கோடு விழச்செய்யும் கருவி பற்றிப் படித்தேன். வாங்கலாமா?

பதில்: அப்பாவின் பயம் நியாயமானது. கிளாக்கோமாவில் பெரும்பாலும் முதலில் குறைவது சுற்றுப் பார்வை, அதாவது நேராகப் பார்க்கும்போது ஓரங்களில் தெரிவது. பேப்பர் படிப்பார், டிவி பார்ப்பார். வீட்டிலும் "நல்லாத்தானே தெரியுது" என்பார்கள். ஆனால் பார்வையின் கீழ்ப்பகுதி போயிருந்தால் காலடியில் இருக்கும் படி தெரியாது. என்னிடம் வரும் ஒரு பெரியவர், படி முடிந்து தரைக்கு வந்த பிறகும் இன்னொரு படி இருக்கிறதா என்று செருப்பு நுனியால் துழாவுவார்.

நீங்கள் படித்தது அமெரிக்காவின் கார்னெல் டெக் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கலாம். கையடக்க புரொஜெக்டர் படி விளிம்புகளில் ஒளிக்கோடு போடும். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் தடித்த கோடு. குறைபார்வை உள்ள 12 பேர் நடந்து பார்த்தார்கள். வேகம் கூடியது, மனதில் தைரியமும் வந்தது. எனக்கு இதில் நிஜமான நம்பிக்கை உண்டு. ஆனால் அது ஆய்வுக்காகச் செய்த மாதிரிக் கருவி. வெயில் விழும் படிக்கட்டில் ஒளிக்கோடு வெளிறிவிடும். கோடு ஓர் அங்குலம் தள்ளி விழுந்தாலும் ஆபத்து. அப்பாவுக்காக அதைத் தேடி அலைய வேண்டாம்.

அதே யோசனையை இன்றே வீட்டில் செய்யலாம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் முழு நீளத்துக்கு, இரண்டு அங்குல அகலத்தில், வழுக்காத மஞ்சள் டேப் ஒட்டுங்கள். மொசைக்கோ கிரானைட்டோ ஒரே நிறமாக இருந்தால் விளிம்பு அதில் கரைந்துவிடும். மஞ்சள் பளிச்சென்று தெரியும். படி வெளிர் நிறமாக இருந்தால் கறுப்பு டேப். கண்ணில் நேராக அடிக்காத விளக்கு வேண்டும். கைப்பிடி கடைசிப் படியையும் தாண்டி நீளட்டும்.

அப்புறம், அப்பா அணிவது பைஃபோகல் கண்ணாடியா? அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. இறங்கும்போது அதன் வழியே பார்த்தால் படி மங்கலாகத்தான் தெரியும். நடப்பதற்கு மட்டும் தூரப்பார்வைக் கண்ணாடி தனியாக வேண்டுமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.

சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது. சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற இடங்களில் குறைபார்வைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒருமுறை அழைத்துப் போங்கள். கடைசியாக எடுத்த பார்வைப் பரப்புச் சோதனை ரிப்போர்ட்டும் இப்போது அணியும் கண்ணாடியும் கையில் இருக்கட்டும்.