இரவல் வாங்கிய பஃபர்

அன்புள்ள ஐயா,

இளங்கலை உயிர்வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். பேராசிரியர் கொடுத்த தலைப்பை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பாக்டீரியாவிலிருந்து அல்கலைன் பாஸ்படேஸ் நொதியைப் பிரித்தெடுக்க நானே இறங்கினேன். செல்களை உடைத்ததும் கிடைக்கும் சாற்றில் நொதி நன்றாக வேலை செய்கிறது. ஈடிடிஏ சேர்த்த பாஸ்பேட் பஃபரில் (பிஎச், அதாவது அமில-கார அளவு, மாறாமல் காக்கும் கரைசல்) இரவு முழுக்க டயாலிசிஸ் செய்தால், அதாவது சவ்வுப் பையில் கட்டி ஊறவைத்தால், மறுநாள் நொதி வேலை செய்வதற்கு அடையாளமான மஞ்சள் நிறமே வருவதில்லை. மூன்று முறையும் இதே கதை. இளங்கலையில் சொந்த ஆய்வு என்பதே பேராசையா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் நொதி சாகவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள்தான் இரவெல்லாம் அதன் கைகாலைக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

பாஸ்பேட்டை வெட்டியெடுப்பதே இந்த நொதியின் வேலை. வெட்டிய பாஸ்பேட் குவிந்தால், அதுவே செயல்மையத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்த மூலக்கூறை உள்ளே விடாது. நீங்களோ அதிலேயே நொதியை ஊறப்போட்டிருக்கிறீர்கள். போதாததற்கு ஈடிடிஏ! துத்தநாகமும் மக்னீசியமும் இல்லாமல் இந்த நொதிக்குப் பிழைப்பில்லை. ஈடிடிஏவோ உலோக அயனிகளைக் கவ்விக்கொள்வது. வேறு ஏதோ புரதத்துக்கு எழுதிய செய்முறையிலிருந்து எடுத்திருப்பீர்கள். அங்கே அதற்கு வேலை உண்டு, உலோகத்தை நம்பி வாழும் புரோட்டியேஸ்களை, அதாவது புரதத்தை அறுக்கும் நொதிகளை, முடக்கும். தலைப்பைச் சொந்தமாகத் தேடிய நீங்கள் பஃபரை இரவல் வாங்கிவிட்டீர்கள். எனக்கு இருக்கும் ஒரே குறை அதுதான்.

என் ஊகத்தை அப்படியே நம்ப வேண்டாம். வேலை செய்யும் சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் அந்தப் பஃபரையும் இன்னொன்றில் பாஸ்பேட்டும் ஈடிடிஏவும் இல்லாத டிரிஸ் பஃபரை அதே அளவும் ஊற்றுங்கள். இரவு குளிரில் வைத்து, மறுநாள் இரண்டிலும் மஞ்சள் நிறம் எவ்வளவு வருகிறது என்று 405 நானோமீட்டர் ஒளியில் அளந்து பாருங்கள். முதல் குழாய் மட்டும் வெளுத்திருந்தால் குற்றவாளி பஃபர். இரண்டுமே வெளுத்திருந்தால் நான் சொன்னது தப்பு, புரோட்டியேஸைத் தேடுங்கள். டிரிஸிலும் ஒரு குசும்பு உண்டு: 25 டிகிரியில் பிஎச் 8 என்று சரிசெய்தால், 4 டிகிரியில் அது 8.6 பக்கம் போய் நிற்கும்.

பேராசை என்றீர்களே. 1921 கோடையில் மருத்துவர் பாண்டிங்கோடு இன்சுலின் வேலைக்குச் சேர்ந்தபோது சார்லஸ் பெஸ்ட் பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். சர்க்கரையை அளக்கத் தெரிந்ததுதான் அவர் கையிலிருந்த சரக்கு. ஆரம்பத்திலேயே கண்ணாடிக் கலன்கள் அழுக்கு என்று பாண்டிங் சத்தம் போட, கரைசல்களையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தாராம். நீங்கள் கொட்டிவிடாதீர்கள், சோதனைக்கு அந்தப் பழைய பஃபர்தான் வேண்டும்.