விரல் விட்டு எண்ணினால் தப்பா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, ஆங்கில வழியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். எட்டும் ஐந்தும் எத்தனை என்றால் ஒன்றிலிருந்து விரல் விட்டு எண்ணுகிறான், பத்து விரல் தீர்ந்ததும் முழிக்கிறான். விரலையே தொடக் கூடாது என்கிறார் டியூஷன் மிஸ். ‘தர்ட்டீன்’ எழுதச் சொன்னால் 31 என்று எழுதுகிறான். வீட்டில் நான் என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: விரலைத் தடுக்காதீர்கள். இந்த வயதில் அது ஊன்றுகோல், தானாகவே விட்டுவிடுவான். மாற்ற வேண்டியது ஒன்றிலிருந்து தொடங்கும் பழக்கத்தைத்தான். நம் பள்ளிக்கூடங்களில் சொல்வார்களே, ‘பெரிய எண் மனசுல, சின்ன எண் கையில’ என்று, அதையே சொல்லிக் கொடுங்கள். எட்டை மனதில் வைத்து, ஐந்து விரலை நீட்டி, ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே போனால் விரல் தீராது. மூன்றும் ஒன்பதும் என்று கேட்டாலும் ஒன்பதுதான் மனதில் இருக்க வேண்டும், இது பழக ஒரு வாரமாவது ஆகும்.

அப்புறம், தரையில் சாக்பீஸால் ஐந்தைந்தாக இரண்டு வரிசை, மொத்தம் பத்துக் கட்டம் போடுங்கள். எட்டுக் கட்டத்தில் புளியங்கொட்டை வைக்கச் சொல்லி, இன்னும் ஐந்தைக் கையில் கொடுங்கள். இரண்டு கொட்டை போனதும் கட்டம் நிரம்பிவிடும், கையில் மூன்று மிச்சம். பத்தும் மூன்றும் பதின்மூன்று! விடை அந்தப் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள். (வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும்.)

31 எழுதுவதும் இதோடு சேர்ந்ததுதான். ஆங்கிலப் பெயரில் மூன்று முதலில் வருகிறது, அவன் காதில் விழுந்த வரிசையில் எழுதுகிறான், அதற்காகத் திட்ட வேண்டாம். தமிழில் பத்துதான் முதலில் வரும். பதினான்கு, பதினைந்து என்று தமிழில் சொல்லிக்கொண்டே எழுதட்டும், ஆங்கிலப் பெயரைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை என்று தமிழ் எண்களை ஒதுக்கிவிடுவது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். கையிலிருக்கும் முத்துகளைப் போடுவதற்கு முன்பே, 14 குழியில் எதில் போய் முடியும் என்று அவனைச் சொல்லச் சொல்லி, போட்டுப் பார்க்க விடுங்கள். நூறு வரை எண்ணப் பரமபதம் போதும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அவ்வளவுதான். கொட்டாவி விட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மிஸ்ஸிடமும் போய், விரலுக்கு இன்னும் சில மாதம் அவகாசம் கேளுங்கள்.