மரபணு பார்த்த ஆண் பன்றி வாங்கினால் குட்டி கூடுமா?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் 6 வெண்பன்றித் தாய்கள் வைத்திருக்கிறேன். ஈற்றுக்கு 7, 8 குட்டிதான். "மரபணுச் சோதனை செய்த ஆண் பன்றி இது, அடுத்த ஈற்றிலேயே 2 குட்டி கூடும்" என்று ஒரு வியாபாரி இரட்டை விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: எந்த மரபணு என்று அறிக்கையைக் காட்டாதவரை அந்த விலை கொடுக்காதீர்கள்.

குட்டி எண்ணிக்கைக்கென்று அதிகம் பேசப்படுவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணு (ஈஸ்ட்ரோஜன் என்பது பெண்மைச் சுரப்பு; அதை உடம்பு ஏற்க உதவும் மரபணு இது). 1996-ல் சீனத்து மெய்ஷான் கலப்புப் பன்றிகளில் பலன் தெரிந்தது. மற்ற இனங்களில் ஒரே சீராகத் தெரியவில்லை. அதை ஆண் பன்றி சுமந்தாலும், குட்டி கூடுவது அதன் மகள்கள் ஈனும்போதுதான். சினை 114 நாள், பெண்குட்டி பருவத்துக்கு வர 8 மாதம், மறுபடி 114 நாள். அடுத்த ஈற்றிலேயே எப்படிக் கூடும்?

இறைச்சிக்கு விற்பவருக்கு உடனே உதவுவது ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சி மரபணு. 2003-ல் அதில் கண்டறிந்த ஒரு மாற்றம் சதையைக் கூட்டி முதுகுக் கொழுப்பைக் குறைக்கிறது. எந்த மரபணுவும் தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். இதில் தகப்பன் கொடுத்த பிரதி மட்டுமே குட்டியின் உடம்பில் வேலை செய்யும். தாயுடையது அடங்கிக் கிடக்கும். ஆணின் இரண்டு பிரதியிலும் அந்த மாற்றம் இருந்தால் எல்லாக் குட்டிக்கும் பலன். அதற்குச் சான்று இருந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம்.

வெயில், அலைச்சல் தாங்காமல் செய்யும் ஹாலோதேன் மரபணு பற்றிய அறிக்கையை மட்டும் கேட்காமல் விடாதீர்கள். இரண்டு பிரதியும் கெட்ட பன்றியைச் சித்திரை வெயிலில் வண்டியில் ஏற்றினால் போதும்: வால் நடுங்கும், தோல் திட்டுத் திட்டாகச் சிவக்கும், வாயைத் திறந்து இரைக்கும், சற்று நேரத்தில் விறைத்துச் செத்துவிடும். வளர்த்தவரின் உழைப்பு அங்கேயே போச்சு. இறைச்சியும் வெளுத்து நீர் கசியும். ஒரு பிரதி மட்டும் கெட்ட ஆண் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், அதுவும் வேண்டாம்.

உங்கள் 7, 8 குட்டிக்குக் காரணம் பெரும்பாலும் கொட்டகையில்தான் இருக்கும். குட்டி எண்ணிக்கையில் பரம்பரையின் பங்கு பத்தில் ஒன்று அளவே. பருவத்துக்கு வந்த பன்றியின் முதுகை அழுத்துங்கள். காதை நிமிர்த்தி அசையாமல் நின்றால் அன்று ஒரு முறை, மறுநாள் ஒரு முறை ஆணோடு சேர்த்துவிடுங்கள். சேர்ந்த முதல் மாதம் வெயில் படாமல் நிழலும் தண்ணீர்த் தெளிப்பும் கொடுங்கள். எந்தத் தாய் எத்தனை ஈன்றது, எத்தனை பிழைத்தது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு புதுச்சேரி குரும்பாப்பேட்டு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

வாங்குவதென்று முடிவானால், பன்றியின் காது வில்லை எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.