கேள்வி பதில்: பேரேடு யார் கையில்?

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் படித்து வருகிறேன். ‘இந்தோனேசிய மக்கள், அமெரிக்காவின் செமினோல் மக்கள் ஆகியோரின் சமூக, பொருளாதார நிலைகளை ஒப்பிடுக’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. இவ்விரண்டையும் ஒப்பிட முடியுமா?
— ஒரு மாணவி, காரைக்குடி

பதில்: தலைப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் முடியாது. இந்தோனேசியா பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 27 கோடி மக்களும், எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகளும் கொண்ட நாடு. புளோரிடாவில் வாழும் செமினோல் பழங்குடி அரசின் உறுப்பினர்கள் சில ஆயிரம் பேர்தான். நம் கானாடுகாத்தான் போன்ற ஒரு பேரூராட்சிக்குள் அவர்கள் அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். இரு தரப்பின் சராசரி வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் உங்களுக்கு எதுவும் விளங்காது. ஒன்று, தனக்கென நாணயமும் படையும் உடைய தேசம்; மற்றொன்று, ஒரு பெரிய தேசத்துக்குள் தன் ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்ட சிறிய மக்கள் கூட்டம். ஆகவே செமினோல் மக்களுக்கு இணையாக, இந்தோனேசியாவுக்குள் ‘அடாத்’ எனப்படும் வழக்காற்று முறைப்படி நிலத்தையும் காட்டையும் பொதுவில் வைத்து வாழும் சமூகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒப்பீடு கால் ஊன்றி நிற்கும்.

தொடங்குவதற்கு 1830ஆம் ஆண்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம். அவ்வாண்டு மார்ச் 28 அன்று, ஜாவாவில் ஐந்தாண்டுகளாக டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்டு வந்த இளவரசர் திப்போநெகோரோ, மகெலாங் நகருக்குப் பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் கைது செய்யப்பட்டார். சரியாக இரண்டு மாதங்கள் கழித்து, மே 28 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அச்சட்டத்தை எதிர்த்து நின்ற செமினோல் தலைவர் ஒசியோலாவையும் 1837 அக்டோபரில் வெள்ளைக் கொடியின் கீழ் பேச வந்தபோதுதான் பிடித்தார்கள். அவர் அடுத்த ஜனவரியில் சிறைக் கோட்டையிலேயே இறந்தார். திப்போநெகோரோ நாடு கடத்தப்பட்டு 1855இல் மக்காசாரில் இறந்தார்.

இவ்வளவு ஒத்திருந்தும், அதற்குப் பின் நடந்தவை வேறு வேறு. டச்சுக்காரர்களுக்கு ஜாவா உழவரின் உழைப்பு தேவைப்பட்டது. எனவே உழவரை நிலத்திலேயே விட்டுவைத்து, 1830 முதல் காப்பி, கரும்பு, அவுரி ஆகியவற்றைக் கட்டாயமாகப் பயிரிடச் செய்து விளைச்சலை எடுத்துக்கொண்டார்கள். புளோரிடாவில் குடியேறியவர்களுக்கோ நிலம் மட்டுமே தேவைப்பட்டது. அதில் இருந்த மனிதர்கள் தேவைப்படவில்லை. செமினோல் மக்களில் ஆயிரக்கணக்கானோர் இன்றைய ஓக்லஹோமா பகுதிக்குப் பெயர்த்தனுப்பப்பட்டார்கள். 1858இல் மூன்றாவது போர் முடிந்தபோது எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் எஞ்சியவர்கள் சில நூறு பேர். உழைப்பைப் பறிகொடுத்த மக்கள், நிலத்தைப் பறிகொடுத்த மக்கள் என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், பிற்காலத்துப் பொருளாதாரத்தின் பெரும்பகுதி தானாக விளங்கும்.

கேள்வி: செமினோல் மக்கள் சூதாட்ட விடுதிகளால் பெரும் செல்வந்தர்களானார்கள் என்று படித்தேன். சூதில் வந்த பணத்தை ஒரு சமூகத்தின் முன்னேற்றம் என்று சொல்லலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

பதில்: ஐயா, உங்கள் தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பணம் வந்த வழியை முழுவதும் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். போர்கள் ஓய்ந்த பின் அவர்கள் முதலைத் தோல், நீர்நாய்த் தோல், கொக்கின் இறகு ஆகியவற்றைத் தோணியில் கொண்டுபோய் விற்றுப் பிழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுப்பு நிலத்தை வற்றவைக்கக் கால்வாய்கள் வெட்டப்பட்டபோது அந்தப் பிழைப்பு போயிற்று. சாலையோரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு முதலையோடு மல்லுக்கட்டிக் காட்டியும், பல வண்ணத் துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த ஆடைகளை விற்றும் காலம் தள்ளினார்கள். பனையோலைக் கொட்டான் முடையும் நம் பெண்களைப் போலவே, அங்கே பெண்கள் குட்டைப் பனையின் நாரில் பொம்மை செய்து விற்றார்கள். 1936இல் மாட்டுப் பண்ணை தொடங்கினார்கள். 1953இல் அமெரிக்க நாடாளுமன்றம், பழங்குடி என்ற அந்தஸ்தையே நீக்க வேண்டிய சமூகங்களின் பட்டியலில் புளோரிடா மக்களையும் சேர்த்தது. அதை எதிர்த்து வாதாடி, 1957இல் தங்களுக்கென ஓர் அரசியலமைப்பை எழுதி அங்கீகாரம் பெற்றார்கள். என் பார்வையில் அவர்களுடைய செல்வத்தின் விதை ஊன்றப்பட்ட ஆண்டு இதுதான்.

மற்றவை அதிலிருந்து கிளைத்தவை. 1970களின் பிற்பகுதியில் தங்கள் நிலத்தில் மாநில வரியின்றிப் புகையிலை விற்றார்கள். 1979இல் ஹாலிவுட் என்ற ஊரில், அதாவது திரைப்பட நகரம் அல்லாத புளோரிடா ஹாலிவுட்டில், பிங்கோ எனப்படும், எண்களைப் பொருத்தி ஆடும் பந்தய ஆட்டத்துக்குப் பெருந்தொகைப் பரிசுக் கூடம் திறந்தார்கள். அவ்வட்டாரக் காவல் தலைவர் அதை மூட முயன்றபோது வழக்காடி 1981இல் வென்றார்கள். பிங்கோவை அடியோடு தடை செய்யாமல் ஒழுங்குபடுத்த மட்டுமே செய்யும் மாநிலம், அந்த ஒழுங்குமுறையைப் பழங்குடி நிலத்தின் மேல் சுமத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 1988இல் வந்த நடுவண் சட்டம், இத்தகைய வருவாயைப் பழங்குடி அரசின் நிர்வாகம், மக்கள் நலம், பொருளாதார வளர்ச்சி போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்கே பயன்படுத்த வேண்டும் என்று வரையறுத்தது. 2007இல் உலகெங்கும் உணவகங்களும் விடுதிகளும் நடத்தும் ஹார்ட் ராக் நிறுவனத்தை ஒரு பிரிட்டன் குழுமத்திடமிருந்து 96.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். பாலித் தீவின் கூத்தா கடற்கரையில் 1998 முதல் அப்பெயரில் ஒரு விடுதி இருக்கிறது. சூதாட்டத்தைச் சட்டம் தடை செய்திருக்கும் இந்தோனேசியாவில், சூதாட்டக் கூடம் இல்லாத அந்த விடுதியின் பெயருரிமை இன்று ஒரு பழங்குடி அரசின் கையில் இருக்கிறது. மாணவியின் தலைப்பில் உள்ள இரண்டு மக்களும் நேரில் சந்திக்கும் இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வருவாயில் ஒரு பகுதி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பங்காகப் போகிறது. உறுப்பினராக 1957ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ள மூதாதையரின் வழி வந்திருக்க வேண்டும். குருதி வழியில் கால் பங்காவது செமினோலாக இருக்கவும் வேண்டும். நகரத்தார் கோயில்களில் மணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாக எண்ணி வரி வாங்குவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். இங்கே புள்ளி கொடுக்கிறது, அங்கே புள்ளி வாங்குகிறது. எண்ணுவதற்கு ஒரு முடிவான பட்டியலும், எண்ணிக்கையைத் தாங்களே தீர்மானிக்கும் அதிகாரமும் இருப்பதால்தான் ஈட்டியது சிதறாமல் உள்ளேயே நிற்கிறது.

சூதில் தோற்றவர்களின் கண்ணீர் அந்தப் பணத்தில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை நம் வளவு வீடுகளின் தேக்குத் தூண்களிடமும் கேட்டாக வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் போனபோது, கீழ் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம், அங்கே வட்டிக்குக் கொடுத்த நம் நகரத்தார் பேரேட்டில் வந்து சேர்ந்தது. அதைப் பர்மிய உழவர் எப்படிப் பார்த்தார் என்பதையும் நாம் அறிவோம். வெளியார் எவரும் வேண்டாம் என்று ஒதுக்கிய சேற்று நிலத்தில் நின்றுகொண்டு, சட்டம் திறந்து விட்ட ஒரே கதவின் வழியே நுழைந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓக்லஹோமாவுக்குப் போன செமினோல்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே பொது நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போட்ட உடன்படிக்கையின்படி ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பிரித்த நிலத்தின் பெரும்பகுதி சில பத்தாண்டுகளில் கைமாறிப் போயிற்று. 1926இல் அதே மண்ணில் மாபெரும் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டபோது, அந்த வளத்தில் பெரும்பங்கு அவர்களுடையதாக இல்லை. ஒரே மக்கள், ஒரே போர், ஒரே தோல்வி. பாகம் பிரித்த இடத்தில் ஒரு விளைவு, பிரிக்காத இடத்தில் வேறொரு விளைவு.

கேள்வி: எங்கள் ஐயா மேடானுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போனவர். சுமத்ரா மண்ணைப் பற்றி அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தேன். இன்று அங்குள்ள மக்கள் செமினோல்களைவிட மேலான நிலையில் இருக்கிறார்களா?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் ஐயா கடை விரித்த மேடான், புகையிலையால் எழுந்த ஊர். 1863இல் டச்சு வணிகர் நீன்ஹைஸ் டெலி சுல்தானின் பகுதியில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். சுல்தான் எழுதிக் கொடுத்த குத்தகையில் மலாய், காரோ பாத்தாக் மக்கள் பயிர் செய்து வந்த நிலங்களும் அடங்கின. தோட்டங்களில் உழைக்கச் சீனரும் ஜாவாக்காரரும் நம் தமிழரும் கொண்டுவரப்பட்டார்கள்; ஒப்பந்தத்தை மீறி ஓடினால் சிறை என்று 1880இல் டச்சு அரசு சட்டமே இயற்றியது. 1884இல் எழுந்த மேடான் மாரியம்மன் கோயில், அந்தத் தமிழர் விட்டுச் சென்ற அடையாளம். வட்டிக்குக் கொடுத்த நம்மவரின் கடைகளும் அந்தப் பொருளாதாரத்துக்குள் இருந்தவைதான்.

இன்றைய நாடு தழுவிய கணக்கைப் பார்த்தால் இந்தோனேசியா கண்டிருக்கும் ஏற்றம் பெரிது. 1998ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் மக்கள் தொகையில் சுமார் 24 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2024இல் அது 9 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. ஏழைக் குடும்பங்களுக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு பணம் தரும் திட்டம் 2007 முதல் நடக்கிறது. 2014இல் நாடு முழுமைக்குமான மருத்துவக் காப்பீடு வந்தது. இத்தனை கோடிப் பேருக்கு இதைச் செய்வது எளிய காரியமல்ல. எந்தச் சூதாட்டக் கூடமும் இல்லாமல் செய்திருக்கிறார்கள் என்பதையும் தேவகோட்டை ஆசிரியருக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆனால் சராசரிக்குள் மறைந்து கிடப்பவர்கள் உண்டு. உலகின் பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்றைத் தன் மலையில் கொண்ட பாப்புவா, அந்நாட்டின் மிக வறிய பகுதி. அடாத் சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த காடுகளை 1999ஆம் ஆண்டு வனச் சட்டம் அரசுக் காடு என்றே எழுதியது. அரசுக் காடு என்றால் எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்கோ சுரங்கத்துக்கோ அரசு அதை ஒதுக்கிக் கொடுக்க வழியுண்டு. அடாத் சமூகங்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 2013 மே 16 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் வழக்காற்றுக் காடு அரசுக் காடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும், முதல் ஒன்பது சமூகங்களுக்குக் காட்டுரிமை ஆவணம் கைக்கு வர 2016 டிசம்பர் ஆயிற்று. காரணம், காட்டைக் கேட்பதற்கு முன்னால், நாங்கள் இன்ன சமூகம் என்று உள்ளூர் அரசு ஏற்று ஒழுங்காணை இயற்ற வேண்டும். அந்த உள்ளூர் அரசுக்கோ தோட்ட நிறுவனங்கள் கட்டும் வரியில் நாட்டம் அதிகம்.

செமினோல்கள் 1981இல் வென்றபோது அவர்கள் யார் என்ற கேள்வி 1957இலேயே தீர்ந்திருந்தது. தீர்ப்பின் பயன் நேராகக் கல்லாவில் விழுந்தது. அடாத் மக்களுக்குத் தீர்ப்பு வந்தும் பேரேடு இன்னும் வேறொருவர் மேசையில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்ட மேல், கீழ் என்பதை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் அளப்பேன்.

கேள்வி: செமினோல்களிடமும் இந்தோனேசியர் சிலரிடமும் பெண்வழி உரிமை உண்டாமே? அங்கே பெண்களின் நிலை எப்படி?
— ஓர் இல்லத்தரசி, பள்ளத்தூர்

பதில்: உண்டு. செமினோல் குழந்தை தாயின் குலத்தைச் சேரும். சிறுத்தை, கரடி, மான், காற்று, பறவை என்று குலங்களுக்குப் பெயர். தாய் செமினோல் அல்லாதவராக இருந்தால் குழந்தைக்குக் குலமே இல்லை. மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவு மக்கள், உலகின் மிகப் பெரிய பெண்வழிச் சமூகம்; இஸ்லாமைத் தழுவிய பின்னும் மூதாதையர் வீடும் வயலும் அங்கே மகளுக்கே போகின்றன. இரு இடங்களிலும் பிள்ளைகளை நெறிப்படுத்தும் பொறுப்பு தாய்மாமனுக்கு. தாய்மாமன் இல்லாமல் ஒரு சடங்கும் நடக்காத நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டைப் பார்த்தால் இன்னும் தெளியும். நம் வளவைச் சுற்றி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. தனிக் குடித்தனமாக வேறு வைத்த பின் தனி அடுப்பு. மினாங்கபாவு நெடுவீட்டில் அந்த அறை மணமான மகளுக்கு; கணவர் அங்கே வந்து போகிறவர். செமினோல் குடியிருப்பில், சைப்ரஸ் மரக் கால்களின் மேல் குட்டைப் பனை ஓலை வேய்ந்த சுவரில்லாத குடில்கள், ஒரு தாயையும் அவள் மகள்களையும் சுற்றி அமைந்தன. மருமகன் அங்கே குடிவந்தார். அந்த மரபிலிருந்து வந்த பெட்டி மே ஜம்பர் 1967இல் பழங்குடி அரசின் முதல் பெண் தலைவரானார். அவர் பயிற்சி பெற்ற செவிலியரும் கூட. உரிமை இருந்தால் சுமையும் கூடவே வரும் என்பதையும் மறக்கலாகாது. மினாங்கபாவு ஆண்கள் இளவயதிலேயே பொருள் தேட வெளியூர் போய்விடுவது வழக்கம். அதற்கு ‘மெரந்தாவ்’ என்று பெயர். வயலும் முதியோரும் பெண்கள் தலையில். கொண்டுவிற்கப் போன கணவரை ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்திருந்த நம் அப்பத்தாக்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது, வாழ்க்கை தெரியும்.

இப்போது குடும்பங்களே நகரங்களுக்குப் போய்விட்டதால் மினாங்கபாவு நெடுவீடுகள் பலவும் நம் தெருவின் வீடுகளைப் போலத் தாளிட்டுக் கிடக்கின்றன. செமினோல் குடில் மட்டும் வேறு கதை. பழங்குடி உறுப்பினர் கட்டும் ஓலைக் குடிலுக்குப் புளோரிடாவின் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அதனால் கடற்கரை விடுதிகளும் தோட்ட வீடுகளும் அவர்களை அழைத்துக் குடில் போட்டுக்கொள்கின்றன. பாட்டி சமைத்த குடிலின் வடிவத்தை இன்று பேரன் காசுக்குக் கட்டித் தருகிறான்.